சிங்கப்பூர் அதிபர் வேட்பாளரிடம் வாக்காளர் என்னென்ன கேட்க வேண்டும்?

பொருள் சேவை வரியைக் குறைப்பீர்களா, வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டு விலையை இறக்குவீர்களா என்று கேட்டுப் பயனில்லை. அவை அமைச்சரவையின் வேலை. யாராவது ‘ஆகட்டும்’ என்று வாக்குறுதி தந்தால், போட்டியிடும் பதவி எதுவென்றே அவருக்குப் புரியவில்லை!

நாட்டின் சேமிப்பான நிதியிருப்பில் தொடங்குங்கள். 2020இல் கொவிட் செலவுக்காக அதிலிருந்து 52 பில்லியன் வெள்ளி வரை எடுக்க அதிபர் இசைவு தந்தார். ‘அந்தக் கோப்பு உங்களிடம் வந்திருந்தால், கையெழுத்துப் போடுமுன் எந்தக் கணக்கைக் கேட்டிருப்பீர்கள்?’ ‘கவனமாகப் பார்ப்பேன்’ என்று மழுப்பினால் விடாதீர்கள். அதிபர் ஆலோசகர் மன்றத்தின் பரிந்துரைக்கு மாறாக அதிபர் தடுத்தால், நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் அந்தத் தடையைத் தள்ளிவிடலாம். இது தெரிந்தும் வேட்பாளர் தடுப்பாரா, எந்தச் சூழலில்?

வெளிநாட்டுப் பயணம், சமூகப் பணி பற்றியெல்லாம் அவரே சொல்லிவிடுவார்.

குணத்தை அறிய: லஞ்ச ஊழல் விசாரணைக்குப் பிரதமர் இசையாவிட்டாலும், அதிபர் இசைந்தால் புலனாய்வுப் பிரிவு தொடரலாம். புகாருக்கு ஆளானவர் வேட்பாளரின் பழைய சகாவாக இருந்தால்? இதற்கு முன் மேலதிகாரியிடம் ‘முடியாது’ என்றது எப்போது, எந்த விவகாரத்தில்? ஆண்டையும் சேர்த்துச் சொல்லட்டும்.