வேலையில்லாத நாளில் டிஜிட்டல் கலைப் பயிற்சி: கேள்வி பதில்

முதலில் அச்சு வடிவமைப்பு, பிறகு முப்பரிமாண மாடலிங் என்று 14 ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன். நடுவே இரண்டு முறை வேலை போய் வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். இவை பற்றிக் கேளுங்கள். வலைத்தள நிரலாக்கம் என்றால் கையை விரித்துவிடுவேன்.

பழைய கணக்கர்: எட்டு மாதமாக வேலை இல்லை. ஓராண்டு அனிமேஷன் படிப்பில் சேரலாமா? முழுக் கட்டணத்தையும் முதலிலேயே கட்டினால் தள்ளுபடி தருகிறார்களாம்.

அந்தத் தள்ளுபடியை மறந்துவிடுங்கள். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள். வருமானம் இல்லாதவருக்குக் கையிலிருக்கும் பணம்தான் பிடிமானம்.

அடுத்து, அனிமேஷன் என்பது ஒரே வேலை இல்லை. திரையில் ஒரு பாத்திரம் கையசைப்பதற்கு முன் ஒருவர் உருவத்தைச் செதுக்குகிறார் (இதுதான் மாடலிங்), ஒருவர் தோலும் நிறமும் ஏற்றுகிறார், ஒருவர் உள்ளே எலும்பு பூட்டுகிறார். அதன் பெயர் ரிக்கிங். அதற்குப் பிறகே அனிமேட்டர் கைவைக்கிறார். ஒளியமைக்க (லைட்டிங்) ஒருவர், எல்லா அடுக்குகளையும் ஒன்றாக்க ஒருவர் என்று வரிசை இன்னும் நீளும். இவை அத்தனையையும் ஓராண்டில் கற்றுத்தருவதாகச் சொன்னால் நுனிப்புல் மேயத்தான் விடப்போகிறார்கள். நீங்கள் போகக்கூடிய வேலைகளுக்கான 20 விளம்பரங்களை எடுத்து, எதைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று எண்ணுங்கள். அதைப் பாடத்திட்டத்தோடு ஒப்பிடுங்கள்.

பிறகு, போன ஆண்டு முடித்த மாணவர்களின் ஷோரீல்களை, அதாவது அவரவர் வேலையைத் தொகுத்துக் காட்டும் சிறு காணொளிகளை, கேளுங்கள். சுவரில் மாட்டியிருக்கும் முதல் மாணவருடையது வேண்டாம், நடுத்தர மாணவருடையது வேண்டும். ஒருமுறை ஆளெடுக்கும் வேலையில் இருந்தபோது ஒரே பயிற்சி நிறுவனத்திலிருந்து ஏழு விண்ணப்பங்கள் வந்தன. ஏழிலும் ஒரே ரோபோ. இடது தோளில் ஒரே கீறல். ஆசிரியர் செய்து காட்டியதை அப்படியே பின்பற்றியிருந்தார்கள். ஏழு பேரில் எவருக்கு என்ன வரும் என்று என்னால் கண்டுபிடிக்கவே முடியவில்லை.

மழைக்காகிதம்: பிளெண்டரா, மாயாவா?

இரண்டும் முப்பரிமாண வேலைக்கான மென்பொருள்கள். காசில்லாதபோது பிளெண்டர். இலவசம், 2002 முதல் திறந்த மூல மென்பொருள். 2025இல் சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கரை வாங்கிய 'ஃப்ளோ' அதில்தான் உருவானது. பெரிய ஸ்டுடியோக்கள் பலவற்றில் மாயா புழங்குகிறது, உண்மைதான். மாடலிங் கைவந்தவர் அதற்கு மாறிக்கொள்வார்.

தூங்காத ஆந்தை: எந்த மடிக்கணினி வாங்கலாம்?

இப்போதைக்கு எதுவும் வேண்டாம். இருப்பதில் பிளெண்டர் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள்.

கோணல்கோடு: எனக்கு நேர்கோடே வராது. இந்தத் துறைக்கு வரலாமா?

வரலாம். ஆனால் வரையக் கற்காமல் வராதீர்கள்.

எலும்புக்காரன்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஆறு ஆண்டாக ரிக்கிங் செய்கிறேன். நான் வரைந்த மாட்டைப் பார்த்து என் மகள் நாய் என்றாள். ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ரிக்கிங்கில் பாதி கணக்கு, மீதி பைதான் என்ற நிரல்மொழி. ஒத்துக்கொள்கிறேன். சரி, பாத்திரத்தின் முழங்கை மடங்கும்போது உட்புறம் நசுங்குமே, அதை எப்படிச் சரிசெய்கிறீர்கள்?

எலும்புக்காரன்: கண்ணாடி முன் நின்று என் கையையே மடக்கிப் பார்ப்பேன். சதை எங்கே பிதுங்குகிறது என்று தெரிந்துவிடும்.

அதைத்தான் நான் வரைவது என்கிறேன். பென்சில் இல்லாமல் செய்கிறீர்கள், அவ்வளவுதான்.

மழைக்காகிதம்: ஐயா, தோற்கப்போகிறோம் என்றதும் சொல்லுக்குப் பொருளை மாற்றிவிட்டீர்கள்!

மாற்றிவிட்டேன். கோணல்கோடு அவர்களுக்குச் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன்: கான்செப்ட் ஆர்ட்டுக்கும் (பாத்திரம், காட்சி எப்படி இருக்கும் என்று முதலில் வரைந்து காட்டுவது) இருபரிமாண அனிமேஷனுக்கும் பென்சில் கட்டாயம். ரிக்கிங்குக்கு உற்றுப் பார்க்கும் பழக்கம் போதும். மாடலிங் இரண்டுக்கும் நடுவே. எலும்புக்காரரே, அந்த மாட்டின் படம் இருந்தால் அனுப்புங்கள்.

நீலமை: அச்சு வடிவமைப்பு கற்பதில் இனிப் பயனுண்டா?

உண்டு. அவசரமாக வருமானம் வேண்டியவர்கள் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும் என்பேன். சிறு வேலைகள் சீக்கிரம் வரும். ஆனால் பயிற்சியாளரிடம் ஒன்று கேளுங்கள்: மாணவர்கள் அச்சகத்துக்குக் கோப்பு அனுப்பிப் பழகுகிறார்களா? என் முதல் சுவரொட்டியில் திரையில் மின்னிய நீலம், தாளில் நாவற்பழ நிறமாக வந்தது. திரை சிவப்பு, பச்சை, நீல ஒளியால் நிறம் காட்டுகிறது. அச்சு நான்கு மைகளால் காட்டுகிறது. அந்த நீலம் மைக்கு எட்டாது. ஏ4 தாளுக்கு 300 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி) 2480க்கு 3508 பிக்சல் வேண்டும், வெட்டும்போது விளிம்பில் வெள்ளை தெரியாமலிருக்க நான்கு பக்கமும் பொதுவாக 3 மி.மீ. கூடுதலாக விட வேண்டும். இவற்றை முதல் மாதத்திலேயே சொல்லித்தராத இடம் ஃபோட்டோஷாப் பொத்தான்களைத்தான் சொல்லித்தருகிறது.

புதுவரவு: வேலையில்லா உதவித்தொகை வாங்குகிறேன். முழுநேரப் படிப்பில் சேர்ந்தால் நின்றுவிடுமா?

இடத்துக்கு இடம் விதி வேறு. தொகை தரும் அலுவலகத்திடமே கேளுங்கள். சேர்வதற்கு முன்பு, எழுத்தில்.

இரவுப்பணி: கணினிக்கு எந்த கிராஃபிக்ஸ் கார்டு...

மேலே ஆந்தைக்குச் சொன்ன பதில்தான்.

கடைசி வரிசை: செயற்கை நுண்ணறிவு வந்தபின் இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்வி ஒரு மணி நேரமாக ஒன்பது பேரிடமிருந்து வந்துவிட்டது. ஒரே ஒரு பதில். ஒற்றை அழகிய படத்தை விற்றுப் பிழைக்கலாம் என்ற எண்ணத்தோடு பயிற்சிக்குப் போகாதீர்கள், அதற்கு இப்போது ஒரு வாக்கியம் போதும். அதே முகம் நாற்பது காட்சிகளில் மாறாமல் வர வேண்டும், வாடிக்கையாளர் சட்டைக் காலரை மட்டும் மாற்றச் சொன்னால் அது மட்டும் மாற வேண்டும். ஆள் தேவைப்படுவது அங்கே.

புதுவரவு: கடன் வாங்கிப் படிக்கலாமா? '100 சதவீத வேலை உறுதி' என்று எழுதியே தருகிறார்கள்.

எந்த வேலை, எவ்வளவு சம்பளம், கிடைக்காவிட்டால் பணம் திரும்புமா என்பதையும் எழுதித் தரச் சொல்லுங்கள். பேச்சு மாறும். முழுக் கட்டணத்தையும் முன்கூட்டியே கட்டாதீர்கள் என்று மறுபடியும் சொல்கிறேன்.

பழைய கணக்கர்: 20 விளம்பரங்கள் பார்த்தேன். பதினொன்றில் லைட்டிங் கேட்கிறார்கள். அந்தப் படிப்பில் லைட்டிங்குக்கு இரண்டே வாரம்.

பணம் கட்டிவிட்டீர்களா?

பழைய கணக்கர்: இல்லை.

நல்லது. பிளெண்டரை இறக்கிக்கொள்ளுங்கள். ஜன்னலோரம் வெள்ளைத் தாளில் ஒரு முட்டையை வைத்துப் பாருங்கள். அதன் அடிப்பக்கம் முழுக்கக் கறுத்திருக்காது, தாளிலிருந்து எகிறும் வெளிச்சம் மெல்லிய கோடாக ஏறியிருக்கும். அந்தக் கோடு திரையில் வந்ததும் படத்தை எனக்கு அனுப்புங்கள்.