7.5 மி.லி. சரிதான், ஆனால் எந்த பாட்டிலில்?

கேள்வி: என் மூன்று வயது மகளுக்குக் காய்ச்சல். எடை 12 கிலோ. போன முறை டாக்டர் பாராசிட்டமால் சிரப் 7.5 மி.லி. என்று எழுதிக் கொடுத்தார். அந்த பாட்டில் தீர்ந்துவிட்டது. கடையில் "அதே மருந்துதான்" என்று வேறொன்றைக் கொடுத்தார்கள். அதில் 250 என்று இருக்கிறது. அதே 7.5 மி.லி. கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கொடுத்தால் குழந்தைக்கு இரண்டு மடங்கு மருந்து போய்விடும்.

மருந்தின் அளவு மில்லிகிராமில்தான் இருக்கிறது, மி.லி. என்பது அது கரைந்திருக்கும் திரவம் மட்டுமே. பாராசிட்டமால் ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மி.கி. வரை. உங்கள் மகளுக்கு 12 × 15 = 180 மி.கி. பழைய பாட்டிலில் 5 மி.லி.க்கு 120 மி.கி. இருந்திருக்கும், அதனால்தான் 7.5 வந்தது. புதிய லேபிளில் "5 மி.லி.யில் 250 மி.கி." என்று இருக்கிறதா என்று நீங்களே படித்துப் பாருங்கள். இருந்தால் 1 மி.லி.யில் 50 மி.கி. என்று அர்த்தம். 180-ஐ 50-ஆல் வகுத்தால் 3.6, 3.5 மி.லி. கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளில் நான்கு முறைக்கு மேல் வேண்டாம்.

சமையலறைக் கரண்டி வேண்டாம். ஊசியில்லாத சிரிஞ்சில் எடுங்கள்.

"அதே மருந்துதான்" என்ற பேச்சை மட்டும் நம்பாதீர்கள். பெயர் அதேதான், செறிவு வேறு. கடைக்காரர் மாற்றிக் கொடுத்தால், "5 மி.லி.யில் எத்தனை மி.கி.?" என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரியாதவரிடம் குழந்தைக்கு மருந்து வாங்க வேண்டாம். சீட்டில் வெறும் "7.5 மி.லி." என்று எழுதும் டாக்டர்கள் மீதும் எனக்குக் கோபம் உண்டு. பக்கத்தில் "180 மி.கி." என்று எழுத எவ்வளவு நேரம் ஆகும்? ஒரே மருந்தை இத்தனை செறிவுகளில் விற்பதும் தேவையில்லாத ஆபத்து. அமெரிக்காவில் 2011-இல் உற்பத்தியாளர்கள் கைக்குழந்தைகளுக்கான கூடுதல் செறிவு சொட்டு மருந்தைக் கைவிட்டு, குழந்தைகளுக்கான திரவ மருந்துக்கு ஒரே செறிவு என்று முடிவெடுத்தார்கள். மற்ற இடங்களில் ஏன் முடியாது?

சொட்டு மருந்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், பலர் ஏமாறுவது அங்கேதான். பச்சிளம் குழந்தைக்கு என்பதால் வீரியம் குறைவு என்று நினைக்கிறார்கள். நேர் எதிர். அந்தக் குழந்தையால் கொஞ்சம்தான் விழுங்க முடியும் என்பதால், கொஞ்சத்திலேயே மருந்தை அடர்த்தியாக வைத்திருக்கிறார்கள். பல சொட்டு மருந்துகளில் 1 மி.லி.யிலேயே 100 மி.கி. உங்கள் மகளுக்கு அதில் 1.8 மி.லி. போதும். சிரப் என்று நினைத்து 7.5 ஊற்றினால் 750 மி.கி., நான்கு மடங்குக்கும் மேல். அந்தச் சின்ன பாட்டிலோடு வரும் டிராப்பரை வேறு மருந்துக்கு எடுக்காதீர்கள். பெரிய சிரப்பின் மூடியால் சொட்டு மருந்தை அளக்கவும் கூடாது.

ஏற்கெனவே ஒருமுறை 7.5 கொடுத்துவிட்டீர்களா? பதற வேண்டாம். அடுத்த வேளையை நிறுத்திவிட்டு, பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு டாக்டரைக் கூப்பிடுங்கள். பல வேளைகள் அப்படிக் கொடுத்திருந்தாலோ, கொடுத்தது சொட்டு மருந்தாக இருந்தாலோ, குழந்தை விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள். அளவு மீறிய பாராசிட்டமால் கல்லீரலைப் பாதிக்கும், அந்தப் பாதிப்பு முதல் நாள் வெளியே தெரியாது. அதை முறிக்கும் மருந்து இருக்கிறது. சீக்கிரம் போட்டால்தான் அது நன்றாக வேலை செய்யும்.