மஞ்சூர் மழை நாட்களும் ஆண்டு விழாவுக்கான 80 சதவீதமும்

வருகைப்பதிவு 80 சதவீதம் இல்லாததால் மகள் ஆண்டு விழாவில் ஆட முடியாதா, பள்ளியில் பேசிப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். பேசிப் பார்க்கலாம், அந்த 80 சதவீதம் பள்ளி தானே வைத்த விதி. தலைமையாசிரியர் நினைத்தால் தளர்த்தலாம், உங்கள் மகளை நடனக் குழுவிலிருந்து இப்போதே விலக வைக்காதீர்கள்.

குந்தா தாலுகாவில் இருக்கும் மஞ்சூரிலிருந்து ஊட்டிப் பள்ளிக்கு வருகிறாள், வருகை 76 சதவீதம்தான் இருக்கிறது என்கிறீர்கள். எனக்குத் தோன்றும் காரணம் மழை விடுமுறை. கலெக்டர் சில சமயம் மாவட்டம் முழுக்க விடாமல் குந்தா, கூடலூர் என்று தாலுகா வாரியாகத்தான் விடுமுறை விடுவார். அன்று குந்தாவில் இருக்கும் பிள்ளை வீட்டில் இருக்கும், ஊட்டியில் பள்ளி நடக்கும், பதிவேட்டில் ஆப்சென்ட் விழும். பிள்ளை மேல் இதில் ஒரு தப்பும் இல்லை.

கிளாஸ் டீச்சரிடம் அவள் வராத தேதிகளை எழுதி வாங்குங்கள். அப்புறம் குந்தா தாலுகாவுக்கு விடுமுறை அறிவித்த தேதிகளைப் பழைய செய்திகளில் தேடிப் பக்கத்தில் எழுதுங்கள். உதாரணமாக 150 வேலை நாளில் 114 நாள் வந்திருந்தால் 76 சதவீதம், அதில் 8 நாளைக் கணக்கிலிருந்து எடுத்தாலே 142க்கு 114 ஆகி 80ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கோடு ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுங்கள், போனில் கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும்.

சரி, ஒரு எச்சரிக்கை. சிபிஎஸ்இ பொதுத்தேர்வுக்குக் கேட்கும் 75 சதவீதம் வேறு விஷயம், விழாவுக்குச் சலுகை கிடைத்தாலும் அது மாறாது. 76 என்பது அதற்கு மிக நெருக்கம், இனி ஒரு நாளும் சும்மா விட வேண்டாம். காய்ச்சல் என்று பொய்ச் சான்றிதழ் மட்டும் வாங்காதீர்கள்.