வெளிநாட்டு வியாபாரி காரைக்குடிக்கு வந்தால் டாக்சிக்கும் கடைக்கும் எப்படிப் பணம் கொடுப்பது?

கேள்வி: ஆத்தங்குடியில் தரை ஓட்டுப் பட்டறை வைத்திருக்கிறேன். எங்களிடம் ஓடு வாங்கும் மலேசியக் குடிமகன் ஒருவர் மூன்று மாதங்களுக்கு முன் கோலாலம்பூரிலிருந்து வந்தபோது, டாக்சி வாடகை முதல் காபி வரை எல்லாவற்றுக்கும் நானே கைப்பேசியில் ஸ்கேன் செய்து பணம் கட்டினேன். புறப்படும்போது 1,500 ரிங்கிட்டை நோட்டாகக் கொடுத்துவிட்டுப் போனார். அது இன்னும் பீரோவில் இருக்கிறது. அடுத்த மாதம் பத்து நாள் தங்க வருகிறார். அவர் தாமே செலவு செய்துகொள்ள வழி உண்டா?

பதில்: வழி உண்டு. விருந்தினர் கையால் செலவு செய்யவிடுவது நமக்குக் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனாலும் சாப்பாட்டை நீங்கள் போடுங்கள், பயணச் செலவை அவரே செய்யட்டும் என்பதே என் கருத்து. வெளிநாட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ரூபாய் கொடுக்கும் தொழிலை ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற வங்கிகளும் நாணய மாற்று நிறுவனங்களும் மட்டுமே செய்யலாம். ஒவ்வொரு முறையும் நீங்கள் ரூபாயாகக் கட்டி அவர் ரிங்கிட்டாகத் திருப்பித் தருவது வழக்கமாகிவிட்டால், நல்லெண்ணத்தில் தொடங்கிய காரியம் அந்தத் தொழிலைப் போலவே தோற்றம் கொள்ளும்.

முதலில் யுபிஐ. வெளிநாட்டவருக்கு யுபிஐ கிடையாது என்று பலரும் நினைக்கிறார்கள். அது இப்போது சரியல்ல. இந்தியாவுக்கு வரும் வெளிநாட்டவர் இங்கே வங்கிக் கணக்கு இல்லாமலேயே, பாஸ்போர்ட்டையும் விசாவையும் காட்டி, ரூபாய் நிரப்பிய கைப்பேசிப் பணப்பை (வாலட்) ஒன்றைப் பெற்று யுபிஐ வழியே செலவிட ரிசர்வ் வங்கி 2023 பிப்ரவரியில் அனுமதி அளித்தது. 'யுபிஐ ஒன் வேர்ல்டு' என்பது அதன் பெயர். தொடக்கத்தில் ஜி20 நாடுகளின் பயணிகளுக்கு, குறிப்பிட்ட சில பெரிய விமான நிலையங்களில் மட்டும் கிடைத்த இந்த வசதி, பின்னர் மற்ற நாட்டினருக்கும் விரிவாக்கப்பட்டது. ஆனால் திருச்சியில் இறங்கியதும் கையில் கிடைத்துவிடும் என்று நம்பி வர வேண்டாம். இப்பணப்பையை வழங்கும் நிறுவனத்தை அவர் ஊரிலிருந்தே தொடர்புகொண்டு, எங்கே, எப்படிப் பெறுவது என்று கேட்டு முடிவு செய்துகொண்டு புறப்படட்டும்.

இதில் நம் ஊருக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. இந்தப் பணப்பையிலிருந்து வணிகர்களுக்கு மட்டுமே பணம் செலுத்த முடியும். தனிமனிதர் ஒருவரின் கணக்குக்கு அனுப்ப முடியாது. காரைக்குடியில் துணிக்கடை, மருந்துக்கடை, உணவகம் போன்றவற்றில் மேசைமேல் இருக்கும் க்யூஆர் அட்டை பெரும்பாலும் வணிகக் கணக்குக்கு உரியது என்பதால் அங்கே தடையிராது. ஆனால் டாக்சி ஓட்டுநர் தம் கைப்பேசியில் திறந்து காட்டும் க்யூஆர் பல வேளைகளில் அவருடைய சொந்தச் சேமிப்புக் கணக்குக்கு உரியதாக இருக்கும். கானாடுகாத்தான் அரண்மனை வாசலில் இறங்கிய பிறகு பணம் போகவில்லை என்று இருவரும் தவித்து நிற்க நேரும். எனவே வண்டியைத் தனி ஓட்டுநரிடம் பேசாமல், வணிகக் கணக்கோ கார்டு இயந்திரமோ உள்ள டிராவல்ஸ் ஒன்றில் பத்து நாளுக்கும் சேர்த்து அவர் பெயரிலேயே பதிவு செய்துகொடுங்கள். கிலோமீட்டர் வாடகை, ஓட்டுநர் படி, சுங்கச்சாவடிக் கட்டணம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரே ரசீது வாங்கினால், அவர் தம் நிறுவனக் கணக்கில் செலவெழுதவும் அது உதவும்.

கார்டைப் பயன்படுத்தும்போது ஒன்றில் மட்டும் கவனம் தேவை. கார்டு இயந்திரமோ ஏ.டி.எம். திரையோ 'ரிங்கிட்டிலா, ரூபாயிலா?' என்று கேட்டால், ரூபாயையே தேர்ந்தெடுக்க வேண்டும். சொந்த நாட்டு நாணயத்தில் தொகையைப் பார்ப்பது மனத்துக்குத் தெம்பாக இருந்தாலும், அந்த மாற்று விகிதத்துக்குள் கூடுதல் கட்டணம் ஒளிந்திருக்கும். 12,000 ரூபாய் விடுதிக் கட்டணத்தில் அது 4 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால் 480 ரூபாய் வீணாகிறது. புறப்படும் முன்பே, இந்தியாவில் கார்டைப் பயன்படுத்தப் போவதைத் தம் வங்கிக்கு அவர் தெரிவித்துவிடுவதும் நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் ரொக்கம் வேண்டும். ஓட்டுநர் டீசலுக்கு முன்பணம் கேட்பார், இளநீர்க்காரரிடம் கார்டு நீட்ட முடியாது. விமானம் வழியே வரும் மலேசியர் 25,000 ரூபாய் வரை இந்திய நோட்டுகளைக் கொண்டுவரலாம் என்பதால், முதல் நாள் செலவுக்குச் சிறு தொகையைக் கோலாலம்பூரிலேயே மாற்றிக்கொள்ளலாம். ஆனால் 2,000 ரூபாய் நோட்டைக் கொடுத்தால் அவர் வாங்கக் கூடாது; 2023 மே மாதம் திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்ட அந்த நோட்டை இங்கே எந்தக் கடையிலும் மாற்ற இயலாது. மீதித் தேவைக்கு ஏ.டி.எம். போதும். பெரும்பாலும் 500 ரூபாய்த் தாள்களாகவே வரும். அவற்றை மருந்துக்கடையிலோ பெட்ரோல் பங்கிலோ சில்லறையாக்கிக்கொண்டால் ஆட்டோக்காரரிடம் சங்கடப்பட வேண்டியதில்லை.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளில் பழம்பொருள் பார்க்க அவர் ஆசைப்படக்கூடும். எப்படிப் பணம் வாங்குவார்கள் என்பதை விலை பேசும் முன்பே கேட்டுவிடுங்கள். நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகச் சட்டம் இடம் தராது என்பதையும் சொல்லிவிடுங்கள். அதற்குக் கொடுத்த பணம் முடங்கிப்போகும்.

நாணயம் மாற்றிய ரசீதுகளையும் ஏ.டி.எம். சீட்டுகளையும் அவர் ஓர் உறையில் போட்டு வைத்திருக்கட்டும். மிஞ்சிய ரூபாயைப் புறப்படும்போது மீண்டும் ரிங்கிட்டாக்க அவற்றைக் கேட்பார்கள்.

இனி உங்கள் பீரோவில் உள்ள 1,500 ரிங்கிட். அயல்நாட்டுப் பணம் செட்டிநாட்டுக்குப் புதிதன்று. 1937 பிப்ரவரி 10 அன்று இந்தியன் ஓவர்சீஸ் வங்கி காரைக்குடி, சென்னை, ரங்கூன் ஆகிய மூன்று ஊர்களிலும் ஒரே நாளில் தொடங்கப்பட்டதே அயல்நாட்டு நாணய வணிகத்தை மனத்தில் கொண்டுதான். அந்த நோட்டுகளை இந்த வாரமே வங்கியிலோ அனுமதி பெற்ற நாணய மாற்று நிறுவனத்திலோ கொடுத்து ரூபாயாக்கி, ரசீதை வாங்கி வையுங்கள். உங்கள் கிளை ரொக்க ரிங்கிட் வாங்குமா என்று முதலில் கேட்டுவிட்டுப் போங்கள். வாடிக்கையாளருக்காகச் செய்த செலவுக்கு ஈடாக வந்த தொகை என்று, செலவு விவரத்தோடு கணக்கில் எழுதிவிடுங்கள். எக்காரணம் கொண்டும் அதை ஓட்டு விலையின் பகுதியாகக் காட்ட வேண்டாம். ஏற்றுமதித் தொகை அவருடைய வங்கியிலிருந்து உங்கள் வங்கிக்கு இன்வாய்ஸ் எண்ணோடு தனியே வரட்டும்.