மனச்சிதைவும் வி.ஆர். ஹெட்செட்டும்: உங்கள் கேள்விகள், என் பதில்கள்

(மனநல மறுவாழ்வுத் துறையில் பணிபுரியும் உளவியலாளர் பதில் சொல்கிறார்)

என் மகனுக்கு 27 வயது, மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) இருக்கிறது. மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறான். காதில் குரல் கேட்பது நின்றுவிட்டது. ஆனாலும் வாசலைத் தாண்ட மாட்டேன் என்கிறான். வி.ஆர். உதவுமா? – ஒரு தாய், திருச்சி

அம்மா, வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) என்பது கண்ணில் மாட்டும் ஹெட்செட்டில், வேறோர் இடத்தில் நிற்பதுபோலவே உணரவைக்கும் கணினிக் காட்சி. இந்த மாதிரிப் பயத்துக்குத்தான் அது நன்றாகச் சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆக்ஸ்போர்டில் டேனியல் ஃப்ரீமன் குழு 'கேம்சேஞ்ச்' என்ற சிகிச்சையை உருவாக்கியது. ஹெட்செட்டை மாட்டினால் தெரு, பேருந்து, காபிக் கடை, மளிகைக் கடை, மதுக்கூடம், டாக்டருக்காகக் காத்திருக்கும் அறை என ஆறு இடங்கள் வரும். ஒவ்வொன்றிலும் எளிதிலிருந்து கடினம்வரை படிகள் உண்டு.

'எல்லோரும் என்னையே முறைக்கிறார்கள், ஏதோ செய்யப்போகிறார்கள்' என்று பயப்படுகிறவர் பேருந்தில் எப்படி நிற்பார்? கதவோரமாக, தலையைக் குனிந்து, போனைப் பிடித்தபடி நிற்பார். அடுத்த நிறுத்தத்திலேயே இறங்கிவிடுவார். ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் மனசு என்ன கணக்குப் போடும்? 'தலையைக் குனிந்ததால் தப்பித்தேன்.' அந்தக் கணக்கு மாறாதவரை நூறு முறை பேருந்தில் போனாலும் பயம் குறையாது. வி.ஆருக்குள் வரும் பயிற்சியாளர், 'நிமிர்ந்து எதிரே இருப்பவரைப் பாருங்கள்' என்பார். பார்ப்பார்; ஒன்றும் ஆகாது. இன்னொருவரைப் பார்ப்பார். குணம் தருவது படமல்ல, தற்காப்பை விட்டுப் பார்த்த அந்த நிமிடம்தான்.

கேம்சேஞ்சை 346 பேரிடம் சோதித்த ஆய்வு 2022-ல் வெளியானது. மொத்தமாகப் பார்த்தால் பலன் சுமார்தான். ஆனால் வீட்டை விட்டு வெளியே வரவே முடியாதிருந்தவர்களுக்குப் பலன் மிக அதிகம். உங்கள் மகன் அந்த வகை.

கருவி கிடைக்காவிட்டாலும் இதே வழியை நிஜத் தெருவில் செய்யலாம். கூட்டமில்லாத மதிய நேரத்தில் தெருமுனைக் கடைவரை கூடவே போங்கள். கடைக்காரரை ஒரு தடவை நிமிர்ந்து பார்க்கச் சொல்லுங்கள், அவ்வளவுதான். மறுநாள் இன்னும் கொஞ்சம். மாத்திரை மட்டும் ஒரு வேளைகூட விடக்கூடாது.

எந்த ஹெட்செட் வாங்கலாம்? – கோவை

எதையும் வாங்காதீர்கள். ஹெட்செட் ஒரு திரை. அதற்குள் ஓடும் சிகிச்சையும் பக்கத்தில் நிற்கும் பயிற்சி பெற்ற ஆளும் இல்லாமல் அது சிகிச்சை ஆகாது.

தம்பிக்கு வலிப்பும் உண்டு. வி.ஆர். செய்யலாமா? – சேலம்

முதலில் நரம்பியல் மருத்துவரைக் கேளுங்கள். ஒளி மினுங்கினால் வலிப்பு வருகிறவர்களை இந்த ஆய்வுகளில் சேர்ப்பதில்லை. சாதாரணமாக வரும் தொந்தரவு தலைசுற்றலும் குமட்டலும்தான்.

காதில் கேட்கும் குரலுக்குக் கம்ப்யூட்டரில் முகம் கொடுத்து அதனோடு பேச வைக்கிறார்களாமே! இல்லாத ஒன்றை இருக்கிறது என்று நம்ப வைப்பதுதானே இது? – ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை

நீங்கள் சொல்வது அவதார் சிகிச்சை. லண்டனில் ஜூலியன் லெஃப் தொடங்கியது, முதல் முடிவுகள் 2013-ல் வந்தன. இது சாதாரணக் கணினித் திரையில் நடந்தது. ஹெட்செட்டோடு செய்வது பிறகு வந்தது.

நோயாளியே அந்தக் குரலுக்கு ஏற்ற முகத்தையும் தொனியையும் தேர்ந்தெடுப்பார். சிகிச்சையாளர் வேறு அறையில் இருந்து, ஒரு நேரம் தன் குரலிலும் ஒரு நேரம் அந்த உருவத்தின் குரலிலும் பேசுவார். 'நீ உதவாக்கரை' என்று உருவம் சொல்லும். சிகிச்சையாளர் தன் குரலுக்கு மாறி, 'இப்படிப் பேசாதே என்று நேராகச் சொல்லுங்கள்' என்பார். நோயாளி எதிர்த்துப் பேசப் பேச, வாரங்கள் போகப் போக உருவம் இறங்கிவரும். நம்ப வைக்கத் தேவையே இல்லை. அவருக்கு அந்தக் குரல் ஏற்கெனவே நாள் முழுக்கக் கேட்கிறது. மாறுவது யார் கை ஓங்கியிருக்கிறது என்பதுதான்.

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடு இல்லை. வார்டில், 'குரலோடு பேச்சுக் கொடுக்காதே, வேறு வேலையில் கவனத்தைத் திருப்பு' என்றுதான் சொல்லிக் கொடுத்தோம். – அதே செவிலியர்

நீங்கள் சொல்லிக் கொடுத்தது தவறல்ல அம்மா. பலருக்கு அது போதும். மாத்திரை சாப்பிட்டும் வருடக்கணக்கில் குரல் விடாதவர்களுக்குத்தான் இது. அவர்களிடம் 'கவனத்தைத் திருப்பு' என்று எத்தனை வருடம் சொல்வது?

உங்கள் பக்கத்துக்கும் ஒரு வலு உண்டு. 2018-ல் 150 பேரிடம் நடந்த ஆய்வில், 12 வாரத்தில் ஆதரவான ஆலோசனையைவிட அவதார் சிகிச்சை நன்றாக வேலை செய்தது. 24 வாரத்தில் இரண்டு குழுவுக்கும் வித்தியாசம் இல்லை. ஆலோசனை பெற்றவர்களும் தேறியிருந்தார்கள். அக்கறையோடு உட்கார்ந்து பேசுவதற்கே எவ்வளவு மதிப்பு பாருங்கள்! 2024-ல் 345 பேரிடம் செய்த அடுத்த ஆய்வில், நீட்டித்த அவதார் சிகிச்சை பெற்றவர்களுக்குக் குரல் வரும் தடவை குறைந்து, 28 வாரம்வரை அது நிலைத்தது. அதனால் தூக்கி எறியவும் மாட்டேன், எல்லோருக்கும் என்று சொல்லவும் மாட்டேன்.

வீட்டில் யூடியூபில் 360 டிகிரி வீடியோ போட்டுக் குரலோடு பேச வைக்கலாமா? – ஈரோடு

கூடாது. குரல் அவமானப்படுத்தும்போது அடுத்து என்ன செய்வது என்று தெரிந்த ஆள் அருகில் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

நல்ல ஹெட்செட் எது? விலை எவ்வளவு? – தஞ்சாவூர்

கோவைக்குச் சொன்ன பதிலைப் படியுங்கள்.

வி.ஆர். வந்தபின் மாத்திரையைக் குறைக்கலாமா? – நெல்லை

கூடாது. மேலே சொன்ன ஆய்வுகள் வழக்கமான சிகிச்சையோடு கூடுதலாகச் செய்தவை. மாத்திரையைக் குறைப்பது மனநல மருத்துவரோடு மட்டும் பேச வேண்டிய விஷயம்.

இதெல்லாம் கிடைக்காத ஊரில் இருக்கிறோம். யாரிடம் போவது? – ராமநாதபுரம்

14416-க்குப் போன் செய்யுங்கள். டெலி மானஸ், அரசு மனநல உதவி எண், கட்டணம் இல்லை. மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவிலும் கேளுங்கள். சென்னை வர முடிந்தால், சாரதா மேனன் 1984-ல் தொடங்கிய ஸ்கார்ஃப் மனச்சிதைவு மறுவாழ்வுக்காகவே நடக்கும் இடம். போகும்போது இப்போது சாப்பிடும் மாத்திரைச் சீட்டை எடுத்துப் போங்கள்.