தாத்தாவின் ஸ்பூனில் சைக்கிள் டியூப் சுற்றிய பெண்

போன வாரம் ஒட்டன்சத்திரம் பக்கத்திலிருந்து ஒரு குடும்பம் மகளின் படிப்பு பற்றி ஆலோசனை கேட்டு என்னைப் பார்க்க வந்தது. அப்பா காய்கறி மண்டியில் கணக்கு எழுதுகிறார். மகள் இரண்டு முறை நீட் எழுதியும் அரசு இடத்துக்கு மார்க் எட்டவில்லை. தாய்மாமா ஒரு ஏஜென்டைப் பிடித்து வைத்திருக்கிறார். ஜார்ஜியாவில் எம்.பி.பி.எஸ். இடம், மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டுமாம். அதற்காக ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தை அடகு வைக்கப் போகிறார்கள். "சொந்தக்காரங்க கேட்டா என்ன சார் சொல்றது?" என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

கொஞ்ச நேரம் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். பத்திரம் மஞ்சள் பையில் மேசை மேலேயே இருந்ததைப் பார்த்ததும் ஆறுதலை நிறுத்திவிட்டேன். அன்றைக்குச் சொன்னதையும், நேரம் போதாமல் விட்டதையும் சேர்த்து அந்த அப்பாவுக்கே எழுதுகிறேன்.

அண்ணே, ஏஜென்ட் சொன்ன கணக்கு பாதிக் கணக்குதான். படித்து முடித்துத் திரும்பியதும் உங்கள் மகள் இங்கே எஃப்.எம்.ஜி.இ. என்ற, வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்களுக்கான தகுதித் தேர்வில் தேற வேண்டும். அதில் தேறாதவர்கள்தான் பல வருடங்களாக அதிகம். அங்கே ஒரு வருடப் பயிற்சி, தேர்வு முடிந்ததும் இங்கே இன்னொரு வருடம். அதுவரை வட்டியை யார் கட்டுவது? மண்டிச் சம்பளத்தில் கட்ட முடியாது. இவளுக்குக் கீழே இன்னொரு பையனும் படிக்கிறான். நிலத்தை வைக்கக் கூடாது என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நர்சிங், பார்மசி, இன்ஜினியரிங் பற்றியெல்லாம் உங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்வார்கள். நான் வேறு ஒன்றைச் சொல்கிறேன். அதைச் சொல்ல வைத்தது உங்கள் மகள்தான்.

நீங்கள் இருவரும் பேசி முடிக்கும்வரை அவள் வாயே திறக்கவில்லை. "வீட்டில் என்ன செய்தால் நேரம் போவது தெரியாது?" என்று கேட்டேன். தாத்தாவைப் பற்றிச் சொன்னாள். பக்கவாதம் வந்து அவருக்கு வலது கை விழுந்துவிட்டது. விரல் கொஞ்சம் அசைய ஆரம்பித்தபோது ஸ்பூன் பிடிக்க வரவில்லை, நழுவி விழுந்துகொண்டே இருந்தது. இவள் பழைய சைக்கிள் டியூபை நீளமாக வெட்டி, ஸ்பூன் காம்பில் தடிமனாகச் சுற்றிக் கொடுத்திருக்கிறாள். அன்று மோர்ச்சோறு அவரே சாப்பிட்டாராம். சட்டை போடும்போது விழுந்த கையை முதலில் நுழைத்தால் சுலபம், கழற்றும்போது அதைக் கடைசியில் எடுக்க வேண்டும் என்பதையும் அவளாகவே கண்டுபிடித்திருக்கிறாள். இதைச் சொல்லும்போது அவள் கை காற்றில் சட்டை மாட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் இருவரும் அதைக் கவனிக்கவில்லை.

இவள் செய்த இரண்டும் ஆக்குபேஷனல் தெரபி, அதாவது அன்றாட வேலைகளை நோயாளி தானே செய்ய வழி பண்ணும் சிகிச்சை, படிக்கும் மாணவர்களுக்குப் பாடம். சுருக்கமாக ஓ.டி. என்பார்கள். ஆபரேஷன் தியேட்டர் டெக்னீஷியன் படிப்பு வேறு, இது வேறு. பெயரைக் கேட்டுவிட்டு வேலை வாங்கித் தரும் படிப்பு என்று நினைப்பவர்களும் உண்டு. பட்டத்தின் பெயர் பி.ஓ.டி. நான்கு வருடப் படிப்பு, அதற்கு மேல் பயிற்சிக் காலம். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும்.

பிசியோதெரபியும் இதுவும் ஒன்றா என்று கேட்டீர்கள். பக்கத்துப் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். தசைக்குப் பலம், மூட்டுக்கு அசைவு, நடை ஆகியவற்றில் பிசியோ அதிகம் நிற்கும். அந்த அசைவை வைத்து ஒருவர் குளிக்க, உண்ண, எழுத, வேலைக்குத் திரும்ப முடிகிறதா என்று ஓ.டி. பார்க்கும். உடம்பு சரியாகாவிட்டால் பொருளை மாற்றும், கழிவறைக் கதவை மாற்றும், செய்யும் முறையை மாற்றும்.

முதல் வருடம் உடற்கூறியல், உடலியங்கியல். எம்.பி.பி.எஸ். பிள்ளைகள் திறக்கும் அதே தடிமன் புத்தகங்கள்தான், லேசான படிப்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். அப்புறம் உளவியல், மனநோய், நரம்பு, எலும்பு, குழந்தை நலம். இவற்றோடு இந்தப் படிப்புக்கே உரிய ஒன்று இருக்கிறது, ஒரு செயலைப் பிரித்துப் பார்ப்பது. கோலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குனிந்த நிலையில் விழாமல் நிற்க வேண்டும். கட்டைவிரலும் ஆட்காட்டி விரலும் மாவைச் சீராக விட வேண்டும். புள்ளிக் கணக்கு மனதில் நிற்க வேண்டும், கை இடமிருந்து வலம் தாண்ட வேண்டும். பக்கவாதம் வந்த ஒரு பெண்ணுக்கு இதில் எது முடிகிறது, எது முடியவில்லை என்று பிரித்து, முடியாததற்கு மட்டும் பயிற்சி அமைப்பார்கள். வாசலில் கோலம் போட ஆசைப்படும் பெண்ணிடம் கோலமே மருந்தாகிவிடுகிறது.

கைவேலையும் உண்டு. தெர்மோபிளாஸ்டிக் தகட்டை 65-70 டிகிரி வெந்நீரில் போட்டால் அப்பளம் மாதிரி இளகும். எடுத்துத் துடைத்து நோயாளியின் கையில் வைத்து வடிவம் பிடிக்க வேண்டும். சில நிமிடங்களில் இறுகிவிடும், அதற்குள் மணிக்கட்டும் விரலும் சரியான கோணத்தில் இருந்தாக வேண்டும். சிவகாசிப் பக்கம் பட்டாசு விபத்தில் கை வெந்தவர்களுக்கு, விரல்கள் சுருண்டு ஒட்டிக்கொள்ளாமல் காப்பது இப்படிச் செய்த ஸ்பிளின்ட் என்ற தாங்கிதான்.

இது நேற்று முளைத்த படிப்பு என்று மாமா சொன்னால், 1950-லேயே மும்பை கே.ஈ.எம். மருத்துவமனையில் கமலா நிம்ப்கர் இதற்கான பள்ளியைத் தொடங்கிவிட்டார் என்று சொல்லுங்கள். 1952-ல் உலக ஆக்குபேஷனல் தெரபிஸ்டுகள் கூட்டமைப்பைத் தொடங்கிய பத்து நாடுகளில் இந்தியாவும் ஒன்று. நம் வேலூரையே பாருங்கள். 1954-ல் சாலை விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் இருந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். பிறகு சி.எம்.சி.யில் மறுவாழ்வு மருத்துவத்தை வளர்த்தவரும் அவரே.

எங்கே படிக்கலாம்? வேலூர் சி.எம்.சி., கோவையில் கே.எம்.சி.எச். கல்லூரி, காட்டாங்கொளத்தூர் எஸ்.ஆர்.எம்., முட்டுக்காட்டில் மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் நிறுவனம். வெளியூர் போகத் தயார் என்றால் ஒடிசாவின் ஓலட்பூர், கொல்கத்தா ஆகிய இடங்களில் உள்ள மத்திய அரசு நிறுவனங்களையும் பாருங்கள். சேர்க்கை விதி வருடத்துக்கு வருடம் மாறுகிறது, அதனால் இந்த வருட விளக்கக் குறிப்பேட்டை வாங்கிப் படியுங்கள். நீட் மதிப்பெண் அட்டையைப் பத்திரமாக வையுங்கள்.

எந்தக் கல்லூரியானாலும் பணம் கட்டும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். நோயாளிகளோடு நேரடிப் பயிற்சி மொத்தம் எத்தனை மணி நேரம்? உலகக் கூட்டமைப்பு குறைந்தது 1,000 மணி நேரம் கேட்கிறது. அந்தப் பயிற்சி எந்த மருத்துவமனையில், யார் மேற்பார்வையில்? பதிலில் தடுமாறினால் எழுந்து வந்துவிடுங்கள். 'ஆறு மாதத்தில் தெரபிஸ்ட்' என்று சான்றிதழ் விற்கும் இடங்கள் பக்கமே போகாதீர்கள். இந்தத் துறை 2021-ல் வந்த தேசிய துணை மருத்துவத் துறைச் சட்டத்துக்குள் இருக்கிறது. பட்டம் இல்லாதவர்கள் பிள்ளைகளின் உடம்பில் கை வைக்கக் கூடாது.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். இவள் டாக்டர் ஆக மாட்டாள். ஆரம்பச் சம்பளம் பெரிதாக இருக்காது. வேலை அதிகம் கிடைப்பது ஆட்டிசம், வளர்ச்சித் தாமதம் உள்ள குழந்தைகளுக்கான மையங்களில். மாற்றுத்திறனாளிகளுக்கான தமிழக அரசின் 'விழுதுகள்' மையங்களிலும் இந்தச் சேவை உண்டு. சில தனியார் மையங்களில் புதிதாக வந்த பெண்ணிடம் காலை முதல் இரவு வரை குழந்தைகளை மாற்றி மாற்றி விடுவார்கள், சொல்லித்தர மூத்தவர் ஒருவரும் இருக்க மாட்டார். என்னிடம் ஆலோசனை கேட்டுப் போன ஒரு பெண் அப்படி ஒரு இடத்தில் மாட்டி, எட்டே மாதத்தில் துறையை விட்டே போகிறேன் என்று வந்து நின்றாள். அதனால் முதல் இரண்டு வருடம் ஆயிரம் ரெண்டாயிரம் குறைந்தாலும், வாராவாரம் உட்காரவைத்து 'இந்தக் குழந்தைக்கு ஏன் இப்படிச் செய்தாய்?' என்று கேட்கும் மூத்தவர் இருக்கும் இடத்தில் சேர வேண்டும். ஒவ்வொரு நோயாளிக்கும் என்ன செய்தோம், என்ன மாறியது என்று படிக்கும்போதே நோட்டில் எழுதிப் பழக வேண்டும். அதிகக் கட்டணச் சிறப்புச் சான்றிதழ் வகுப்புகள் முதல் வருடத்தில் வேண்டாம். குழந்தைகளா, நரம்பா, கையா, மனநலமா என்று மனம் எதில் நிற்கிறதோ அது தெரிந்த பிறகு முதுகலையோ சான்றிதழோ படிக்கட்டும்.

இந்த வாரம் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். வேலூரோ கோவையோ, ஓ.டி. பிரிவில் முன்கூட்டியே அனுமதி கேட்டு, மகளை ஒரு நாள் அங்கே உட்கார வையுங்கள். திரும்பி வரும் பஸ்ஸில் அவள் பேசுவதை நடுவில் வெட்டாமல் கேளுங்கள். பிடிக்கவில்லை என்றாள் என்றால் மறுபடி வாருங்கள், வேறு பார்ப்போம். மாமாவையும் கூட்டி வாருங்கள், அவரிடம் நானே பேசுகிறேன். அந்த மஞ்சள் பையை மட்டும் இன்றைக்கே பீரோவில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.