ஏற்காட்டு வீட்டில் இரவானால் தொடர்பறும் தெர்மோஸ்டாட்

வணக்கம். அறையின் வெப்பத்தைப் பார்த்து ஹீட்டரை இயக்கும் தெர்மோஸ்டாட் இரவில் "தொடர்பில் இல்லை" என்று காட்டுகிறது, ஹீட்டரோ விடியும்வரை எரிகிறது என்று எழுதியிருந்தீர்கள். பேட்டரியை இரண்டு முறை மாற்றியதாகவும் சொல்கிறீர்கள். இனி அதில் காசைப் போடாதீர்கள்.

இந்தக் கருவிகளைக் கம்பியில்லாமல் இணைக்கும் பெட்டியான ஜிக்பீ ஹப், வைஃபை ரூட்டரை ஒட்டியே இருக்கிறது அல்லவா? இரண்டும் 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் பேசுகின்றன. வைஃபை 1-ஆம் சேனலில் இருந்தால் ஜிக்பீயின் 11 முதல் 14 வரையிலான சேனல்கள் அதன் இரைச்சலில் அமுங்கிவிடும். ஹப்பைக் குறைந்தது ஒரு மீட்டர் தள்ளி வைத்து, ஜிக்பீயை 25-ஆம் சேனலுக்கு மாற்றிப் பாருங்கள். சேனலை மாற்றியதும் சில கருவிகளை மறுபடி இணைக்க வேண்டியிருக்கும், அலுத்துக்கொள்ளாதீர்கள்.

அடுத்தது சுவர். தடித்த கல்சுவரும் இரும்பும் சமிக்ஞையை மறிக்கும். ஒண்டிக்கடைப் பக்கம் என் அத்தையின் பழைய கல்வீட்டிலும் இதே கதைதான். நானும் பேட்டரியைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன். கடைசியில் பார்த்தால், ஹப் இரும்பு பீரோவின் மேல் தூசி படிந்து உட்கார்ந்திருந்தது! அதைக் கீழே இறக்கி, படுக்கையறை வாசலருகே ஒரு ஜிக்பீ பிளக்கைச் செருகியதும் சரியாகிவிட்டது. மின்சாரத்தில் ஓடும் பிளக் சமிக்ஞையை வாங்கி அடுத்த கருவிக்குக் கடத்தும். பேட்டரியில் ஓடும் கருவி அதைச் செய்யாது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், இன்று இரவே ஹீட்டரைக் கவனியுங்கள். தொடர்பு அறுந்தால், ஹீட்டருக்கு மின்சாரத்தை விட்டு நிறுத்தும் சுவிட்சான ரிலே கடைசி நிலையிலேயே நின்றுவிடுகிறது. தானாக அணையும் நேரத்தை ஹப்பில் வைக்காமல் ரிலேயிலேயே வையுங்கள். அந்த வசதி இல்லையென்றால், தூங்கப் போகும்முன் ஹீட்டரைக் கையால் அணைத்துவிட்டுக் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொள்ளுங்கள்.